முகமூடி மாட்டும் நேரம்

அலுவலகத்தில் அவளுக்கு 'பத்து செகண்டு' என்று பெயர். எந்த நிகழ்ச்சியைக் கொடுத்தாலும் பத்து விநாடி விளம்பரம் நுழைகிற சந்து ஒன்றை அதில் கண்டுபிடித்துவிடுவாள். சமையல் நிகழ்ச்சி என்றால் எண்ணெய் காய்கிற நேரம். பாட்டுப் போட்டி என்றால் நடுவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிற நேரம். சாவு வீட்டை நேரலையில் காட்டினால்கூட, ஓர் அழுகைக்கும் அடுத்த அழுகைக்கும் நடுவே இவள் சோப்பு விற்றுவிடுவாள் என்று கேலி பேசுவார்கள். அவள் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்துக்கொள்ளவும் தெம்பு வேண்டுமே.

வீட்டில் அவள் அண்ணி. கணவனின் தங்கை கூப்பிட ஆரம்பித்தது, நாளடைவில் பக்கத்து வீடுகளுக்கும் அதுவே பெயராகிப் போனது. அந்தத் தங்கை ஹாக்கி ஆடுகிறவள். முப்பதைத் தாண்டிவிட்டாள், இன்னும் கல்யாணம் வேண்டாம், ஆட்டம் போதும் என்று சொல்லிக்கொண்டு அண்ணன் வீட்டிலேயே இருந்தாள். கோல்கீப்பருக்கு முன்னால் நின்று கோல் விழாமல் தடுக்கிற வேலை அவளுக்கு. அணியில் 'சுவர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டது. "சுவரு எங்க போச்சு?" என்று மாமியார் கேட்டால், புதிதாக வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்கள்.

பெண்கள் ஹாக்கித் தொடர் அண்ணியின் சேனலில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம், உண்ட மயக்கத்தில் ஊரே கண்ணயரும் நேரத்தில். அதையும் நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி விற்பனை மேனேஜரின் அறையில் வைத்து அவளுக்குச் சொல்லப்பட்டது.

"ஓடுறாங்க, ஓடுறாங்க, ஓடிக்கிட்டே இருக்காங்கம்மா," என்றார் மேனேஜர். நல்ல மனிதர். எந்த விளையாட்டின் மீதும் அவருக்கு வெறுப்பு கிடையாது, விருப்பமும் கிடையாது. "யாராவது ஒருத்தி கொஞ்சம் உக்காந்தாதானே நான் சோப்பு விக்க முடியும்?"

"நடுவுல இடைவேளை இருக்கே சார்."

"அப்போ எவன் டிவி முன்னாடி இருக்கான்? எல்லாரும் பாத்ரூமுக்குப் போயிடுறாங்க. பாத்ரூம்ல நம்ம சேனல் தெரியாதே."

அவர் சொன்னதில் பொய்யில்லை. அவர்கள் தொழிலில் விளையாட்டுகளை வேறு விதமாகத்தான் தரம் பிரிப்பார்கள். கிரிக்கெட் ஆறு பந்துக்கு ஒரு தடவை தானாகவே மூச்சு விடும். டென்னிஸில் நாற்காலி போட்டு உட்கார்ந்து முகம் துடைப்பார்கள். குத்துச்சண்டையில் மணி அடிப்பார்கள். இவையெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைகள். விளம்பரக்காரர்கள் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சுவார்கள். கொஞ்சக் கொஞ்ச ஊரும் கொஞ்சும். நிற்காமல் ஓடுகிற ஆட்டங்கள் தறுதலைகள். அவற்றை மதியத்தில் போட்டு, பிறகு காலையில் போட்டு, ஒருநாள் யாருக்கும் சொல்லாமல் எடுத்துவிடுவார்கள். யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

"அந்த நேரத்துக்கு என்ன போடப் போறீங்க?"

"கை மல்யுத்தம். ரெண்டு ஆளு, ஒரு மேஜை. அரை நிமிஷத்துல முடிஞ்சிடும். மிச்சம் முழுக்க நம்ம ராஜ்ஜியம்." அவர் உற்சாகமாகச் சொன்னார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து, "உங்க வீட்டுப் பொண்ணு ஆடுதுல்ல?" என்றார்.

"ஆமா சார்."

"ஒரு சந்து காட்டுங்க, விட்டுடுறேன். நீங்க காட்டாத சந்தா?"

தொலைக்காட்சி போனால் மைதானத்து ஓரத்தில் பலகை வைக்கிற கம்பெனிகள் போய்விடும். அவை போனால் தொடர் போய்விடும். தொடர் போனால் சுவருக்கு வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே அண்ணி வீடு வந்து சேர்ந்தாள். வந்ததும் பழைய ஆட்டங்களைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். சுவர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, தான் செய்த தவறுகள் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது என்ன, எல்லாரும் முகமூடி மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"பெனால்டி கார்னர் அண்ணி. நாங்க தப்புப் பண்ணா அவங்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு கொடுப்பாங்க. ஓரத்துலேர்ந்து ஒருத்தி பந்தைத் தள்ளுவா, வெளியில நிக்கிறவ அதை நிறுத்துவா, இன்னொருத்தி கோலைப் பார்த்து விளாசுவா. நாங்க கோலுக்குள்ள அஞ்சு பேரு. பந்தைத் தள்ளின உடனே பாய்ஞ்சு ஓடணும். மூஞ்சியிலயே வரும்ல, அதான் முகமூடி."

"மாட்டி முடிக்கிற வரைக்கும் ஆட்டம் நிக்குமா?"

"அம்பயர் காத்திருப்பாரு."

"எவ்வளவு நேரம்?"

"அது அவங்கவங்க சாமர்த்தியம்."

அண்ணி திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். நாற்பது விநாடி இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருந்தது: அந்த நாற்பது விநாடிக்குப் பிறகு என்ன நடக்கும் என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். கோலை நோக்கி ஓர் அடி நிச்சயம். அதை விட்டுவிட்டு எவன் பாத்ரூமுக்குப் போவான்?

"அண்ணி, உங்களைப் பார்த்தா பயமா இருக்கு. புதையல் கிடைச்ச மாதிரி சிரிக்கிறீங்க."

"எல்லாருக்கும் முன்னாடி ஓடுறாளே, அடிக்கிறவளுக்கு நேரா... அது யாரு? மூஞ்சி தெரியலையே."

"நான்தான். வேற யாரு அந்தக் கிறுக்கு வேலைக்கு வருவா? அவ அடிக்கிறதுக்குள்ள நான் குறுக்க போயிடணும். போயிட்டா பந்து என் மேல படும். போகலன்னா கோல்."

அண்ணி தலையாட்டினாள். அந்தச் சமயத்தில் அவள் மனசெல்லாம் நாற்பது விநாடியில்தான் இருந்தது.

மேனேஜர் அதை வாங்கிக்கொண்டார். அந்த இடத்தை முதலில் எடுத்தது ஒரு வலி மருந்துக் கம்பெனி, பிறகு ஒரு ஷாம்பு, அப்புறம் வரிசையில் நின்றார்கள். விளம்பரத்தின் போது யாரும் சேனல் மாற்றவில்லை. ஹாக்கி மதியத்திலிருந்து மாலைக்கு வந்தது. செய்தித்தாளில் கடைசிப் பக்கத்தின் அடியில் கிடந்தது மேலே ஏறியது. தெருவில் பிள்ளைகள் ஹாக்கி ஆடத் தொடங்கினார்கள். அண்ணி ஒருநாள் வேலை முடிந்து வரும்போது நின்று பார்த்தாள். அவர்கள் பெனால்டி கார்னரை மட்டும்தான் ஆடினார்கள். ஐந்து பேர் ஒரு கடையின் ஷட்டருக்கு முன்னால் நின்று, ஹெல்மெட்டும் வாளியும் ஒரு வடிகட்டியும் மாட்டிக்கொள்வார்கள். அப்போது ஒரு குட்டிப் பெண் ஓரமாக நின்று ஷாம்பு விளம்பரப் பாட்டை முழுக்கப் பாடுவாள். பாட்டு முடிந்ததும் பந்து வரும். பந்தைக் கடத்துவது, கூட வருகிறவளுக்குத் தள்ளிவிடுவது, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை மூச்சு முட்ட ஓடுவது, இதெல்லாம் அவர்கள் ஹாக்கியில் இல்லவே இல்லை.

தொடரை நடத்துகிறவர்களும் அதைக் கவனித்தார்கள். அடுத்த பருவத்தில் விதியைக் கொஞ்சம் இறுக்கினார்கள். முன்பு கண்டும் காணாமல் விட்ட சின்னச் சின்னத் தப்புக்கெல்லாம் பெனால்டி கார்னர். நடுவர்களின் காதில் ஒரு சிறு கருவி வந்தது. மைதானத்துக்கு வெளியே நிற்கிற ஒளிபரப்பு வேனில் அண்ணி உட்கார்ந்திருப்பாள். விளம்பரம் முடிந்ததும் "சரி" என்பாள். அது நடுவரின் காதில் விழும். அதற்குப் பிறகுதான் ஆட்டம் தொடங்கும்.

ஒவ்வொரு "சரி"க்கும் சுவர் ஒரு தடவை பந்துக்கு நேரே ஓடினாள்.

ஹாக்கிப் பந்து கல் மாதிரி இருக்கும். முட்டிக்குக் கவசம் உண்டு, முகத்துக்கு உண்டு. தொடைக்கு இல்லை, விலாவுக்கு இல்லை. சுவரின் தொடையில் கறுப்பும் நீலமும் மஞ்சளுமாக வட்டங்கள் பூத்தன. ஒன்று ஆறுவதற்குள் அதன் மேலேயே இன்னொன்று. மாடிப்படியில் இறங்கும்போது பக்கவாட்டில் இறங்கப் பழகிக்கொண்டாள். வலது பின்தொடை எப்போதும் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தது. மாமியார் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே புலம்புவாள்.

"டிவியில வர்ற அந்த மருந்தையாவது வாங்கித் தடவலாம்ல?"

"வாங்கிப் பார்த்தேம்மா. வாசனை நல்லா இருக்கு."

இறுதிப் போட்டிக்கு முந்தைய வாரம் அண்ணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கோச் கிட்ட சொல்லு. இந்த ஒரு மேட்ச் வேற யாராவது முதல்ல ஓடட்டும்."

"யாரு? அந்தச் சின்னப் பொண்ணா? போன வருஷம்தான் பல்லுக் கம்பியைக் கழட்டினா. மறுபடியும் மாட்ட வைக்கணுமா?"

"விளையாட்டுப் பேச்சு வேண்டாம். உன் காலைப் பார்க்க எனக்குச் சகிக்கல. விளம்பரத்தைக் குறைக்கச் சொல்லிப் பார்க்கவா?"

"குறைச்சா திரும்ப மதியத்துக்குப் போகும். அப்புறம் கை மல்யுத்தம். நீங்க சொன்னதுதானே?" சுவர் காலை மெதுவாக மடக்கிப் பார்த்தாள். "இத்தனை வருஷமா ஆடுறேன் அண்ணி. போன மாசம்தான் பஸ்ல ஒருத்தர் எனக்கு எழுந்து இடம் கொடுத்தாரு. நீங்கதானே அந்த முதல்ல ஓடுறவங்கன்னு கேட்டாரு."

"நொண்டுறதைப் பார்த்துட்டுக் கொடுத்திருப்பாரு," என்று உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

சுவர் சிரித்தாள். "இன்னும் ஒரு பருவம் ஆடிட்டா போதும். ஒரே ஒரு பருவம். அதுக்கு இந்தக் காலு தாங்கணும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா இருங்க."

சும்மா இருப்பது அண்ணிக்குக் கைவராத கலை.

இறுதிப் போட்டி அன்று மைதானம் நிரம்பி வழிந்தது. வேனுக்குள் ஏசியின் இரைச்சல், சூடேறிய கம்பிகளின் வாசனை, எப்போதோ குடித்து வைத்த டீக் கோப்பைகள். அண்ணியின் முன்னால் இரண்டு திரைகள். ஒன்றில் ஊர் பார்ப்பது தெரியும். மற்றதில் மைதானம் எப்போதும் தெரியும், விளம்பரத்தின் போதும். ஆனால் அப்போது மைதானத்துச் சத்தம் வராது. பக்கத்தில் விளம்பரங்களை ஓட விடுகிற பையன் உட்கார்ந்திருந்தான். பையன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அவனுக்குப் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருந்தார்கள்.

சுவரின் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. எதிரணிக்குப் பெனால்டி கார்னர் மேல் பெனால்டி கார்னராக விழுந்தது. ஐந்தாவதிலோ ஆறாவதிலோ பந்து சுவரின் தொடையில் பட்டு எகிறிய சத்தம் வேனுக்குள் கேட்டது. அவள் விழவில்லை. இரண்டு தப்படி நொண்டிவிட்டு நிமிர்ந்துகொண்டாள். கூட்டம் எழுந்து கத்தியது.

ஆட்டம் முடிகிற தறுவாயில் இன்னொன்று. நடுவர் கையைக் காட்டினார். பையன் விளம்பரத்தைத் தட்டிவிட்டான். ஊர் பார்க்கிற திரையில் ஒரு பெண் தலைக்குக் குளிக்க ஆரம்பித்தாள். மற்ற திரையில் சுவர் முகமூடியை மாட்டிக்கொண்டு கோல் கோட்டுக்குப் பின்னால் வந்து நின்றாள். வலது கை பின்தொடையைப் பிசைந்துகொண்டே இருந்தது.

விளம்பரம் முடிந்தது. அண்ணி வாயைத் திறந்தாள். 'சரி' வரவில்லை.

"அடுத்ததைப் போடு."

"அக்கா, கணக்குல இது மட்டும்தான் இருக்கு."

"இருக்கிறதுல ஏதாவது ஒண்ணைப் போடு."

வலி மருந்து ஓடியது. அதுவும் முடிந்தது. "மறுபடியும் ஷாம்பு," என்றாள்.

"இப்பத்தானேக்கா குளிச்சா?"

"திரும்பக் குளிக்கட்டும்!"

காதுக் கருவியில் நடுவர் கேட்டார்: "வேன்? ஆரம்பிக்கலாமா?"

"இருங்க."

அவளால் கொடுக்க முடிந்தது அதுதான். பந்தை மெதுவாக்க முடியாது, கவசம் தைத்துக் கொடுக்க முடியாது. நேரம் மட்டும் அவள் கையில் இருந்தது. அதைப் பத்துப் பத்தாக அள்ளிப் போட்டாள். பாவம், மூச்சு வாங்கிக்கொள்ளட்டும். திரையில் மற்ற நான்கு பேரும் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள். கோட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி; ஓட இடமில்லை. சுவரும் ஒரு தடவை குதித்துப் பார்த்தாள். பிறகு நிறுத்திவிட்டாள். வியர்வை உலர்ந்து சட்டை காற்றில் ஒட்டாமல் ஆடியது. அவள் வேன் நிற்கும் பக்கம் திரும்பி, முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள். நன்றி சொல்கிறாள் என்று அண்ணி நினைத்தாள்.

"சரி," என்றாள் கடைசியில்.

பந்து ஓரத்திலிருந்து தள்ளப்பட்டது. சுவர் பாய்ந்தாள். நாலு எட்டு வைத்திருப்பாள். யாரோ பின்னாலிருந்து காலை வெட்டியது போல மடங்கி விழுந்தாள். பந்து அவள் மேல் படவே இல்லை. காலியாகக் கிடந்த அந்த வழியில் நேரே போய்க் கோலுக்குள் விழுந்தது. கூட்டத்தின் இரைச்சலில் வேன் அதிர்ந்தது. சுவர் குப்புறக் கிடந்தபடி பின்தொடையை இரு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கூடுதல் நேரம் கொடுத்து ஆடினார்கள். அதில் எதிரணி ஜெயித்தது. அண்ணி அதைப் பார்க்கவில்லை. மருத்துவமனை வாசலில் இருந்தாள். அங்கேதான் மேனேஜரின் அழைப்பு வந்தது.

"பத்து செகண்டு! ஒன்றரை நிமிஷம் பிடிச்சு வச்சீங்களாமே? ஒரே ஷாம்பு ரெண்டு தடவை! ஒருத்தன்கூட சேனல் மாத்தலையாம்மா. எப்படித் தோணுச்சு உங்களுக்கு?"

"மெஷின் மக்கர் சார்," என்றாள் அண்ணி. உண்மையைச் சொன்னால் அதையும் பாராட்டிவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

தசை கிழிந்திருந்தது. ஒட்டும், ஆனால் இனி அந்தக் காலை நம்பிப் பாய முடியாது என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்த மறுநாள் சுவர் தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு சோபாவில் கிடந்தாள். மாமியார் குளிக்கப் போயிருந்தாள்.

"வேன்ல என்ன ஆச்சு அண்ணி? மெஷின் கெட்டுப் போச்சா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. மேனேஜரிடம் சொன்ன பொய் நாக்கு நுனியிலேயே தயாராக இருந்தது.

"இல்ல. நான்தான் பிடிச்சு வச்சேன். நீ கொஞ்சம் இளைப்பாறுவன்னு."

சுவர் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். "அய்யோ அண்ணி... ஓடுற உடம்பை நிறுத்தினா அது இளைப்பாறாது, இறுகிடும். சூடா இருந்த வரைக்கும்தான் அந்தக் காலு எனக்கு வேலை செஞ்சுது. நான் உங்க வேனைப் பார்த்துக் கத்தினேனே, சீக்கிரம் விடுங்கடா, காலு கல்லாகுதுன்னு. கேக்கலையா?"

"விளம்பரத்தப்போ மைதானத்து மைக்கை அணைச்சிடுவோம்."

"நல்ல ஏற்பாடு," என்றாள் சுவர். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அண்ணிக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். சற்று நேரம் கழித்து, "அந்தத் தண்ணியை எடுங்க," என்றாள். அண்ணி எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த பருவத்துக்கான கூட்டத்தில் மேனேஜர் ஒன்றரை நிமிடம் என்று முடிவே செய்துவிட்டு வந்திருந்தார். தொடரை நடத்துகிறவர்களும் வந்திருந்தார்கள். மறுக்கிற நிலையில் யாரும் இல்லை. அண்ணி நாற்பது விநாடிதான் சரி என்றாள். எண்களைக் காட்டினார்கள். ஐம்பது என்றாள். சிரித்தார்கள். ஆட்டக்காரர்கள் உடம்பு இறுகிப்போகும் என்றாள்.

"அதுக்கு என்ன பண்ணணும்கிறீங்க?" என்றார் மேனேஜர், உண்மையான அக்கறையோடு.

"விளம்பரம் ஓடும்போது அவங்களைக் கோட்டைத் தாண்டி ஓட விடணும். மைதானத்துல எங்க வேணும்னாலும். விளம்பரம் முடியறப்போ கோட்டுக்கு வந்தா போதும். விதியை மாத்துங்க."

தொடர்க்காரர்கள் மேனேஜரைப் பார்த்தார்கள். அவர் கையை விரித்தார். "தாராளமா ஓடட்டும்மா. அந்த நேரத்துல அவங்களை யாரு பார்க்கப் போறா?"

அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்தது. வேனில் உட்காருகிற வேலையை வேறொருவனுக்கு மாற்றித் தரச் சொன்னாள், அதுவும் கிடைத்தது.

பருவத்தின் முதல் ஆட்டத்தை வீட்டிலேயே பார்த்தார்கள். சுவர் கைத்தடியைச் சோபாவில் சாய்த்து வைத்துவிட்டு, காலை ஒரு முக்காலியில் நீட்டியிருந்தாள். அவள் இடத்தில் அந்தச் சின்னப் பெண். பாதி ஆட்டம் போவதற்குள் பெனால்டி கார்னர் வந்தது. சின்னப் பெண் முகமூடியை எடுப்பது தெரிந்தது. உடனே திரையில் குளியலறை வந்தது. தண்ணீர் கொட்டியது, பாட்டு தொடங்கியது.

"இப்போ ஓடிக்கிட்டிருப்பாளா அண்ணி?"

"ஓட விடுறாங்க. அவ ஓடுறாளான்னு தெரியல."

"நான் சொல்லித்தான் அனுப்பினேன். ஆனா அவளுக்குக் கூட்டத்தைப் பார்த்தா காலு நட்டுக்கும்." சுவர் திரையை நோக்கிக் குனிந்தாள். கட்டுப்போட்ட காலின் விரல்கள் முக்காலி மேல் அசைந்துகொண்டிருந்தன.

விளம்பரம் நீண்டது. அது எத்தனை நீளம் என்று அந்த வீட்டில் அண்ணிக்குத்தான் தெரியும். இன்னும் பாதிகூட முடியவில்லை. கூந்தலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு அந்தப் பெண் இவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"நிக்காதேடி," என்றாள் சுவர், தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து. "ஓடு. ஓடிக்கிட்டே இரு."